டெஸ்ட் லாம்ப் எரியாதபோது

பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு செம்பாக்கத்து மெக்கானிக் கடை வாசலுக்கு வருகிறவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "சார்ஜ் ஏறலணா" என்பதாகத்தான் இருக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் மிதித்துப் பார்த்துவிடலாம். கிளட்ச் வழுக்கினால் லீவரைப் பிடித்துப் பார்த்துவிடலாம். சார்ஜ் ஏறாததை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஹெட்லைட் மங்கிக்கொண்டே போகிறது, ஹார்ன் கம்முகிறது, மறுநாள் காலையில் கிக்கரை எவ்வளவு மிதித்தாலும் பிளக்கில் பொறி வருவதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் கிடைப்பவை இவ்வளவே. இவற்றை வைத்து, உள்ளே நடக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை என்று வண்டிக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

ஒன்று இருப்பதை அறியக் கண் இருக்கிறது. ஒன்று இல்லாததை அறிய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் விடாமல் வாதாடின. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர், இன்மையை அறிவதற்கென்றே தனியாக ஓர் அளவை, அதாவது அறியும் வழி, உண்டு என்றார். காட்சி, அனுமானம் முதலான ஐந்து அளவைகளும் ஓரிடத்தில் எதையும் தராமல் நிற்கும்போது அந்த ஆறாவது வேலை செய்கிறது என்பது அவர் கட்சி. நியாய நூலார் இதை ஒப்பவில்லை. தரையைக் காணும் அதே கண்தான் தரையில் குடம் இல்லாததையும் காண்கிறது, இன்னொரு அளவை எதற்கு என்று கேட்டார்கள். மீமாம்சத்துக்குள்ளேயே குமாரிலரோடு மாறுபட்ட பிரபாகரர், இன்மை என்று தனிப்பொருளே கிடையாது, நாம் காண்பது வெறும் தரையைத்தான் என்றார். மூன்று கட்சிக்கும் எடுத்துக்காட்டு ஒன்றுதான்: தரையில் இல்லாத ஒரு குடம்.

குடத்தோடு நின்றிருந்தால் இது பண்டிதர் சண்டையாகவே முடிந்திருக்கும். அதே கேள்வி கடவுள் வரைக்கும் போயிற்று. தேடிப் பார்த்தோம், காணவில்லை, ஆகவே இல்லை என்று ஒருவர் சொன்னால் அந்த 'ஆகவே' எடை தாங்குமா? கோயில் வாசலிலும் பகுத்தறிவு மேடையிலும் இன்றுவரை ஓயாத வழக்கு இது. அதைத் தீர்க்கப் பழைய தருக்க நூலார் வகுத்த ஒழுங்கு இன்று யார் கையில் உயிரோடு இருக்கிறது என்று தேடினால், சார்ஜ் ஏறாத வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அதைப் பார்க்க முடிகிறது.

வண்டியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையின் வடகோடியில் திருவொற்றியூரில் தொழிற்சாலை. பாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்பட்ட 350 சிசி புல்லட், படிப்படியாக இங்கேயே செய்யும் வண்டியாக மாறியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடிப்போன பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. வண்டிகளின் மின்பாகங்களைச் செய்ய 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ்ஸும் சென்னையின் பாடியில்தான் வந்தது. ஆக, வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தையும் கௌரிவாக்கத்தையும் ஒட்டியிருக்கும் செம்பாக்கத்துக்கு அப்படியொரு வண்டி வந்து நிற்பது ஏதோ சீமைச் சரக்கு வந்ததுபோல் அல்ல. பிறந்த ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்திருக்கிறது. உதிரிபாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். பக்கத்துத் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான பயிற்சி நிலையமும் இருக்கிறது. பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு கல்வியாகவே சொல்லிக்கொடுக்கும் வட்டாரம் இது.

6 வோல்ட் காலத்துப் புல்லட்டில் சார்ஜ் ஏறும் வழி நீளமானதல்ல. எஞ்சினின் கிராங்க் முனையில், இடது பக்கச் செயின் கேஸுக்குள், காந்தம் பதித்த ரோட்டர் சுற்றுகிறது. அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்பது செம்புக்கம்பி சுற்றிய ஸ்டேட்டர். கடையில் அதற்குப் பெயர் காயில். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. காயிலில் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடுவது. மாற்றிக்கொடுக்க நடுவில் ரெக்டிஃபயர். முன்பு அது செலினியத் தகடுகளின் அடுக்கு, பிறகு சிலிக்கான் டயோடு. அங்கிருந்து ஹெட்லைட்டுக்கு மேலே பதித்திருக்கும் ஆம்ப் மீட்டர் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. பேட்டரியில் மூன்று அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றே: லைட் மங்கும்.

பல காரணம், ஒரே காரியம். தருக்க நூல்கள் பயப்படச் சொன்ன இடம் இதுதான். தமிழில் அந்தப் பாடத்தைத் தேட வடமொழிக்குப் போக வேண்டியதில்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களைச் சந்திக்கும் மணிமேகலைக்கு முதலில் பாடம் சொல்பவன் அளவைவாதி. அவன் வேதவியாசர் பெயரில் பத்து, கிருதகோடி பெயரில் எட்டு, ஜைமினி பெயரில் ஆறு என அளவைகளை எண்ணுகிறான். அனுமானத்தை மூன்றாக வகுக்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென்று அறிவது ஒன்று. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது இன்னொன்று. கருமேகம் கண்டு மழை வரும் என்று சொல்வது மூன்றாவது. மங்கிய லைட்டைக் கண்டு சார்ஜ் ஏறவில்லை என்பவர் வெள்ளம் கண்டு மழையைச் சொல்பவரின் வழியில் போகிறார். ஆனால் ஏரியின் கரை உடைந்தாலும் வெள்ளம் வரும். பேட்டரியே கெட்டு, ஏறிய சார்ஜைப் பிடித்துவைக்க முடியாமல் போனாலும் லைட் மங்கும்.

அளவைவாதி அதோடு விடாமல் போலி அளவைகளையும் பட்டியலிடுகிறான். கிளிஞ்சிலை வெள்ளி என்று திரித்துக்கொள்வது ஒன்று. கட்டையா மனிதனா என்று தத்தளிக்கும் ஐயம் ஒன்று. ஆராயாமலே கட்டையை மனிதன் என்று முடிவுகட்டுவது இன்னொன்று. இந்தக் கடைசிப் போலிக்குத் 'தேராது தெளிதல்' என்று பெயர். ஒரு வண்டியின் ஆயுளில் அதற்காகச் செலவாகும் பணத்துக்குக் கணக்கே இல்லை. லைட் மங்குகிறதா, புது பேட்டரி போடு. ஒரு வாரத்தில் மறுபடி மங்குகிறதா, ரெக்டிஃபயர் மாற்று. அதற்கும் அடங்கவில்லையா, காயிலைக் கழற்று. மூன்று பாகம் மாறிவிட்டது, அறிவு ஒன்றும் கூடவில்லை. உண்மைப் பழுது எர்த் ஒயரின் அடியில் பூத்த துருவாக இருந்திருக்கலாம்.

நல்ல மெக்கானிக் வேறு மாதிரி தொடங்குகிறார். அவரிடம் இருப்பது ஆணியில் தொங்கும் ஒரு டெஸ்ட் லாம்ப்: ஹோல்டரில் ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கிளிப், இன்னொன்றில் ஊசி. ரெக்டிஃபயரிலிருந்து வரும் ஒயரில் ஊசியை வைக்கிறார், பல்பு எரியவில்லை. அதை வைத்து அவர் எதுவும் சொல்லிவிட மாட்டார். ஏனென்றால் அதற்கு முன்பே விளக்கை நல்ல பேட்டரி ஒன்றின் இரண்டு முனைகளிலும் தொட்டு, அது எரிகிறதா என்று பார்த்திருப்பார். சோதனை முடிந்ததும் திரும்பவும் அதே பேட்டரியில் தொட்டுப் பார்ப்பார். நடுவில் பல்பின் இழை அறுந்துபோயிருந்தால்? கிளிப் பெயின்ட்டின் மேல் கவ்வியிருந்தால்? அப்படியானால் 'எரியவில்லை' என்பது ஒயரைப் பற்றிய செய்தியே அல்ல, விளக்கைப் பற்றிய செய்தி.

வீட்டு ஒயரிங் எலக்ட்ரீஷியன் முதல் உயர் அழுத்தக் கம்பியில் வேலை செய்கிறவர் வரை உலகெங்கும் இதே முறைதான்: சோதிக்கும் கருவியை முதலில் சோதி, பிறகு சோதனை, பிறகு கருவியை மறுபடி சோதி. உயர் அழுத்தத்தில் இதை மறந்தவர் உயிரோடு திரும்பாமல் போகலாம்.

தத்துவ நூல்களில் இதற்கு ஒரு கறாரான நிபந்தனை உண்டு. காணாமை என்பது தகுதியுள்ள காணாமையாக இருந்தால் மட்டுமே இன்மைக்குச் சான்றாகும். குடம் இங்கே இருந்திருந்தால் கண்டிப்பாகக் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்ல முடிய வேண்டும். வெளிச்சம் இருக்க வேண்டும், கண் நலமாக இருக்க வேண்டும், பொருள் கண்ணுக்கு எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பவர் குடத்தைப் பற்றி ஒன்றும் சொன்னவராகார். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் இந்த இருட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு, நிபந்தனையைப் பிசிறில்லாமல் விளக்குகிறார். அத்வைதம் படிக்கப் புகும் மாணவர்கள் இன்றும் முதலில் கையிலெடுக்கும் நூல்களில் ஒன்று அது. நல்ல பேட்டரியில் தொட்டுப் பார்க்கும் அந்தச் சின்னச் செய்கையால் மெக்கானிக் நிறைவேற்றுவதும் அதே நிபந்தனையைத்தான்: மின்சாரம் இருந்திருந்தால் இந்த விளக்கு எரிந்திருக்கும்.

இன்மையிலும் வகை உண்டு. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தவர் திருவாவடுதுறை மரபில் வந்த சிவஞான முனிவர். முன்னின்மை, அழிவுபாட்டின்மை, முழுதும் இன்மை, ஒன்றினொன்று இன்மை என்று அந்த மரபு இன்மையை நான்காகப் பிரிக்கிறது. குடம் வனைவதற்கு முன் இருப்பது முன்னின்மை, உடைந்த பின் இருப்பது அழிவுபாட்டின்மை. கடையில் இந்த வேறுபாடு காசு மிச்சப்படுத்தும். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது காயிலில் மின்சாரம் இல்லை, ஆனால் அது பழுதல்ல. அசையாத காந்தத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்காது, காந்தமோ கம்பியோ நகர்ந்தாக வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்தார். ஐடிலில் லைட்டைப் போட்டதும் ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்கிறது என்று பதறுகிறவர் முன்னின்மையைக் கண்டு அழிவுபாட்டின்மை என்று நினைத்துக்கொள்கிறார். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் முள் நடுவுக்கு வந்து பிளஸ் பக்கம் நகர வேண்டும். நகராவிட்டால்தான் பேச்சே தொடங்குகிறது.

இன்னொரு பக்கம், எல்லாவற்றுக்கும் 'புல்லட்டுன்னா லைட் அப்படித்தான்' என்று சொல்லிவிடும் வழக்கமும் உண்டு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருவதை அளவைவாதி 'ஐதிகம்' என்று தன் பத்தில் ஒன்றாகச் சேர்த்தான். மெக்கானிக் உலகின் ஐதிகத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 6 வோல்ட் காயிலால் ஐடிலில் ஹெட்லைட்டைத் தாங்க முடியாது. ஆனால் அதே சொல், உண்மையான பழுதுகளை ஆண்டுக்கணக்கில் மூடியும் வைத்துவிடுகிறது.

டெஸ்ட் லாம்ப் போய் டிஜிட்டல் மல்டிமீட்டர் வந்ததும் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன என்று நினைக்கலாம். பாதி தீர்ந்தது. ஆனால் புதிதாக ஒன்று பிறந்தது. பல்பு எரிய மின்சாரம் வேண்டும். மல்டிமீட்டரோ ஒயரிலிருந்து எதையும் இழுக்காது என்று சொல்லிவிடலாம், அதன் உட்தடை பெரும்பாலும் பத்து மெகா ஓம். ஒயரின் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஓர் இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் ஆறு வோல்ட்டை முழுசாகக் காட்டும். அந்த ஒயரில் ஹெட்லைட்டை மாட்டினால் அது சரியாக எரியாமல் போகலாம். விளக்கிடம் இருந்த ஆபத்து, இருப்பதை இல்லை என்று சொல்லிவிடுவது. மீட்டரின் ஆபத்து, பயனுக்கு உதவாததை இருக்கிறது என்று சொல்லிவிடுவது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மீட்டரை வாங்கிய பிறகும் பழைய விளக்கைத் தூக்கி எறிவதில்லை. எஞ்சினை ஓட்டி, காயிலின் இரண்டு ஒயருக்கும் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பையே மாட்டி, சுமையைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஸ்டேட்டரின் தடையை அளப்பதிலும் இதே சிக்கல். நல்ல காயிலின் தடையே மிகக் குறைவு, மீட்டரின் சொந்த ஒயர்களின் தடையோடு ஒப்பிடும் அளவுதான். உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருந்தால் எண் சற்றுக் குறையும், அந்தக் குறைவு மீட்டரின் கண்ணில் படாது. புலி எதிரே வரக் கண்டும் அதைப் புலியென்று உணராமல் இருப்பதை அளவைவாதி தன் போலிப் பட்டியலில் 'கண்டுணராமை' என்கிறான். அது இங்கே கருவிக்கே நேர்கிறது.

எல்லாவற்றிலும் சுவையானது ஆம்ப் மீட்டர். பழைய புல்லட்டில் அது தூர நின்று சாட்சி சொல்லும் கருவி அல்ல. பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதன் பின்பக்க நட்டு லூஸாகிவிட்டால், சார்ஜ் ஏறவில்லை என்று காட்டுவதற்கு இருக்கும் கருவியே சார்ஜ் ஏறாததற்குக் காரணமாகிவிடுகிறது. காயில் நன்றாக இருக்கும், ரெக்டிஃபயர் நன்றாக இருக்கும், பேட்டரி புதிதாக இருக்கும், முள் மட்டும் அசையாது. அந்த முள்ளை நம்பி மற்ற எல்லாவற்றையும் மாற்றியவர்கள் உண்டு.

அறிவுக்கான கருவியே பழுதாக இருக்குமானால் அதை எதைக்கொண்டு அறிவது? இதுவும் பழைய வழக்குதான். மீமாம்சகர்கள், அறிவு பிறக்கும்போதே தன் உண்மையைத் தானே உறுதிசெய்துகொண்டு பிறக்கிறது, பின்னால் வேறோர் அறிவு வந்து அதைத் தள்ளும்வரை நம்பலாம் என்றார்கள். நியாய நூலார், அறிவின் உண்மைக்கு வெளியிலிருந்து உறுதி வேண்டும் என்றார்கள். தூரத்தில் தண்ணீர் கண்டவன் போய்க் குடித்துப் பார்த்தால்தான் அது கானல் அல்ல என்று உறுதியாகும். தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கு மீமாம்சகர் வழிதான் ஒத்துவரும். முள்ளைப் பார்த்து அது சொல்வதை நம்பித்தான் ஓட்டியாக வேண்டும், ஒவ்வொரு சிக்னலிலும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க முடியாது. வண்டி கடைக்கு வந்துவிட்டால் நியாய நூலார் சொல்வது சரி. ஆம்ப் மீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி நேரே சேர்த்து, எஞ்சினை ஓட்டி, பேட்டரி முனைகளில் வோல்ட் ஆறரையைத் தாண்டி ஏழை நோக்கி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் குற்றவாளி சாட்சிக்கூண்டிலேயே நின்றிருந்தது தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு எதுவும் பிடிபடாவிட்டால் கழித்தல் வழி இருக்கிறது. இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என்று அறிவதை அளவைவாதி உதாரணமாகச் சொல்கிறான். பேட்டரி அல்ல, ஒயர் அல்ல, மீட்டர் அல்ல, ரெக்டிஃபயர் அல்ல, காயில் அல்ல என்றால் மிச்சம் ரோட்டர். பழைய ரோட்டர்களில் காந்தம் வலுவிழப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் போரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்று தெரிந்தால்தானே ஒருவன் வென்றதும் மற்றவன் தோற்றதாகும்? எர்த்தைப் பட்டியலில் சேர்க்க மறந்தவர் நல்ல ரோட்டரைக் கழற்றிப்போடுவார்.

இப்போது கடவுளுக்கு வரலாம்.

10ஆம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த உதயணர், கடவுள் உண்டு என்று நாட்ட நியாய குசுமாஞ்சலி எழுதினார். ஐந்து பகுதிகள் கொண்ட அந்நூலின் மூன்றாம் பகுதி முழுக்க, கடவுள் இல்லை என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளை எதிர்கொள்வதுதான். முதல் சான்று, காணவில்லை என்பது. உதயணரின் விடை, நல்ல பேட்டரியில் தொட்டுப் பார்க்காத விளக்கை வைத்துப் பேசாதே என்பதுதான். புலனுக்கு எட்டக்கூடிய ஒன்றைக் காணாவிட்டால் அது இல்லை எனலாம். புலனுக்கு எட்டும் தகுதியே இல்லாத ஒன்றைக் காணாமல் இருப்பது அதன் இன்மைக்குச் சான்றாகாது. எதிராளி உடனே மடக்குகிறான்: அப்படியானால் முயற்கொம்பையும் இல்லை என்று சொல்ல முடியாதே! உதயணர் அசரவில்லை. கொம்பு என்பது இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியும் பொருள், பகல் வெளிச்சத்தில் முயலின் தலையைப் பார்த்தால் கொம்பில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத கொம்பு என்று புதிதாக ஒன்றைக் கட்டினால், அதற்குச் சான்று கொண்டுவரும் சுமை கட்டியவன் தலையில்.

இந்த வாதம் நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். தொலைநோக்கியில் பார்த்தோம், விண்வெளிக்கே போய்ப் பார்த்தோம், கடவுளைக் காணோம் என்கிற வாதம் இதன்முன் தேறாது. ஆனால் பக்தர்கள் இதை மட்டும் கேட்டுவிட்டுக் கைதட்டினால் நூலில் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவார்கள். தகுதியின்மை என்னும் கேடயம் கடவுளை மறுப்பிலிருந்து காக்கிறது. மரத்துப் பேயையும் அதே கேடயம் காக்கும். உதயணருக்கு இது தெரியும். அதனால்தான் ஐந்தாம் பகுதியை, உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்பது முதலான நேர்ச் சான்றுகளுக்கு ஒதுக்கினார். சார்ஜ் ஏறவில்லை என்ற முடிவு தவறு என்று காட்டிவிட்டால் சார்ஜ் ஏறுகிறது என்று காட்டியதாகாது, முள் பிளஸ் பக்கம் நகர வேண்டும். மின்னோட்டத்தையும் யாரும் நேரில் கண்டதில்லை. விளக்கின் ஒளி, கம்பியின் சூடு, முள்ளின் அசைவு ஆகிய காரியங்களைக் கொண்டுதான் அது அறியப்படுகிறது. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை ஹான்ஸ் ஓர்ஸ்டெட் 1820-ல் அறிவித்தார். ஆம்ப் மீட்டரின் முள்ளுக்கு அடிப்படை அதுதான். காணாததைக் காரியத்தால் அறிவதில் அறிவியலுக்கும் உதயணருக்கும் வழிச்சண்டை இல்லை. உலகம் உண்மையிலேயே அப்படிப்பட்ட காரியம்தானா என்பதில்தான் சண்டை.

உதயணரைவிட ஒருபடி கறாராக இருந்தவர் அவருக்கு முந்தைய பௌத்தரான தருமகீர்த்தி. புலனுக்கு எட்டாத ஒன்றைக் காணாமல் இருப்பதால் பிறப்பது ஐயம் மட்டுமே என்றார். அதை வைத்து இல்லை எனலாகாது, அதே சமயம் உண்டு என்று நடந்துகொள்ளவும் அது இடம் தராது. அனுமானத்துக்கு உதவும் ஏதுக்கள் இயல்பு, காரியம், காணாமையாகிய அனுபலப்தி என மூன்று என்பது அவர் வகுத்த முறை. அந்த மூன்றையும் 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் எடுத்துக்கொள்கிறார். குளிர் இல்லாததைக் காட்டிப் பனி இல்லாததை அறிவது என்று மூன்றாவதற்கு எடுத்துக்காட்டும் தருகிறார். அதே நூலில் பிற சமயங்களை ஆராயும் பரபக்கத்தில் பௌத்தரை வரிசையாக மறுப்பவரும் அவர்தான். எதிராளியிடமிருந்து நல்ல கருவியை வாங்கிப் பயன்படுத்தத் தயங்காத அந்த மனம் போற்றத்தக்கது.

தருமகீர்த்தியின் ஐயத்தை அப்படியே ஐயமாக வைத்திருப்பதுதான் கடையில் மிகக் கடினமான வேலை. மழைநாளில் மட்டும் வரும் பழுதை எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் செம்பாக்கத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்கி, சக்கரம் பாதி முழுக ஓட்டிவந்த அன்று சார்ஜ் ஏறுவதில்லை. வெயில் அடித்ததும் கடைக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பழுதில்லை என்று அனுப்பிவிடுவது எளிது. ரெக்டிஃபயரை மாற்றிப் பில் போடுவது இன்னும் எளிது. தெரிந்தவர் இரண்டையும் செய்வதில்லை. மீட்டரை மாட்டியபடியே ஒயர் இணைப்புகளில் தண்ணீர் தெளிக்கிறார், ஒயர்க்கட்டை ஆட்டிப் பார்க்கிறார், எஞ்சினை நன்றாகச் சூடேற விடுகிறார். பழுது வந்தால் கண்டிப்பாகத் தெரியும்படியான நிலையைத் தாமே உண்டாக்குகிறார். தகுதியில்லாத காணாமையை உழைத்துத் தகுதியுள்ளதாக ஆக்குகிறார்.

சமயங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். சைவ சித்தாந்தப்படி உயிரின் அறிவை ஆணவமலம் இருளாக மறைத்திருக்கிறது. நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாக நோக்கும் இருவினையொப்பும், மலம் பக்குவப்படும் மலபரிபாகமும் வாய்த்து, அருள் பதியும் சத்திநிபாதம் நிகழ்ந்த பிறகே காட்சி. தகுதி பொருளிடத்தில் மட்டும் இல்லை, காண்கிறவனிடத்திலும் வேண்டும். இருட்டில் நிற்கிறவனுடைய காணவில்லை என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதில் வேதாந்த பரிபாஷையும் சித்தியாரும் ஒரே பக்கம். தர்மராஜர் இன்னொன்றும் சொல்கிறார்: தன்னுள் இருக்கும் புண்ணிய பாவங்களைத் தான் காணவில்லை என்பதால் ஒருவன் அவை இல்லை என்று முடிவுகட்ட முடியாது, அவை காட்சிக்கு எட்டும் பொருள்கள் அல்ல.

ஆனால் இங்கே கடையும் மடமும் பிரிகின்றன. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மெக்கானிக் தெளித்த தண்ணீரை யாரும் தெளித்துப் பார்க்கலாம். மேடவாக்கத்திலோ பல்லாவரத்திலோ இன்னொருவர் அதே இணைப்பில் அதே பழுதைக் காண்பார். உயிரின் பக்குவத்தை அப்படி ஊரறியச் சோதிக்க வழியில்லை. ஆயுள் முழுக்கத் தேடியும் காணாதவரைப் பார்த்து, உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று எப்போதும் சொல்லிவிடலாம். அவர் சொல்லும் 'இல்லை' ஒருநாளும் கணக்கில் ஏறாது. நல்ல பேட்டரி என்று எல்லாரும் ஒப்பும் ஒன்றில் தொட்டுப் பார்த்துத்தானே விளக்கின் தகுதியை உறுதிசெய்கிறோம்? ஆன்மாவுக்கு அப்படி எல்லாரும் ஒப்பிய பேட்டரி எது?

பத்து அளவைகளையும் காட்சி, அனுமானம், உரை என்ற மூன்றில் அடக்கிய அருணந்தி சிவாசாரியார், உரையை மட்டும் கைவிடாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். கண்டவர் சொல் அங்கே நல்ல பேட்டரியின் இடத்தில் நிற்கிறது. கடையிலும் உரைக்கு இடம் உண்டு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதைச் சொல்லிவைத்த ஒயரிங் படத்தையோ மூத்த மெக்கானிக்கின் சொல்லையோ கேட்காமல் பேட்டரியை இன்றைய வழக்கப்படி மாட்டினால் ரெக்டிஃபயர் அந்த நிமிடமே போய்விடும். அந்தச் சொல்லை ஒருவர் நம்பித்தான் தொடங்குகிறார். பிறகு ஒயரைப் பின்தொடர்ந்து எந்த முனை சட்டத்தில் முறுக்கப்பட்டிருக்கிறது என்று தாமே பார்த்துக்கொள்கிறார். சைவர் நம்பும் உரையைப் பின்தொடர்ந்து பார்க்க வாழ்நாள் முழுதும் ஆகலாம், பல பிறவிகள்கூட ஆகலாம் என்று அந்த மரபே சொல்கிறது. அவ்வளவு நீளமான ஒயரின் மறுமுனையைக் காணாதவர் அது அறுந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அறுந்திருக்கவில்லை என்று சொல்லவும் அவரிடம் இன்னொருவர் சொல்லைத் தவிர வேறில்லை.